அவுல் க்ரீக் பாலம்: ரெண்டாவது தடவை படிக்கும்போது

வணக்கம். இன்னிக்கு ஆம்ப்ரோஸ் பியர்ஸ் எழுதின 'ஆன் அக்கரன்ஸ் அட் அவுல் க்ரீக் பிரிட்ஜ்' பத்திப் பேசலாம். 1890-ல வந்த கதை, அமெரிக்க உள்நாட்டுப் போர் பின்னணி. முடிவைச் சொல்லித்தான் பேசப்போறேன். படிக்காதவங்க நிறுத்திட்டு, படிச்சுட்டு வாங்க. அரை மணி நேரம் போதும்.

கதை இதுதான். வடக்கு அலபாமாவுல ஒரு ரயில் பாலம். பெய்ட்டன் ஃபார்க்கர்ங்கற தோட்ட முதலாளி கழுத்துல சுருக்கோட நிக்கிறான், வடக்குப் படை அவனைத் தூக்குல போடப்போகுது. கயிறு அறுந்து தண்ணில விழுறான், நீந்தித் தப்பிக்கிறான், வீட்டு வாசலுக்கே போயிடறான். கடைசி வரியில அவன் உடம்பு பாலத்துக்கு அடியில ஆடிட்டிருக்கு. தப்பிச்சதெல்லாம் அவன் மனசுல மட்டும் நடந்தது.

எல்லாரும் இதை 'ட்விஸ்ட்' கதைன்னு சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. பியர்ஸ் எதையும் மறைக்கல. மூணாவது பகுதியோட முதல் வரியப் பாருங்க: கீழ விழும்போதே அவனுக்கு நினைவு போயிடுச்சு, ஏற்கெனவே செத்தவன் மாதிரி ஆயிட்டான். அடுத்த வரியில, ரொம்ப காலம் கழிச்சு முழிச்ச மாதிரி 'அவனுக்குத் தோணுச்சு'. இந்தத் 'தோணுச்சு'வை நாம தாண்டிப் போயிடறோம். அவன் தப்பிக்கணும்னு நமக்கு அவ்வளவு ஆசை.

அதனால ரெண்டாவது தடவை ஒரு பென்சில் வெச்சுக்கிட்டு மூணாவது பகுதிய மட்டும் படிங்க. உடம்பு சம்பந்தமா வர்ற ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடு போடுங்க. கழுத்து வலிக்குது, தொட்டா வீங்கியிருக்கு. கண்ண மூட முடியல. நாக்கு வீங்கி, பல்லுக்கு நடுவுல வெளிய தள்ளிட்டு நிக்குது. காலுக்கடியில ரோடு இருக்கறதே தெரியல. தனித்தனியா படிச்சா ஓடிக் களைச்சவன்னு தோணும். அடிக்கோடு போட்டதை மட்டும் வரிசையா படிங்க, தூக்குல தொங்கற ஒரு மனுஷனோட உடம்பு வரும். காலுக்கடியில ரோடு இல்லவே இல்ல, காத்துதான் இருக்கு.

இன்னொரு அடையாளம், பார்வை. தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே, பாலத்து மேல துப்பாக்கியோட குறி பாக்கறவன் கண்ணு சாம்பல் நிறம்னு அவனுக்குத் தெரியுது. கரையில இருக்கற மரங்கள்ல ஒவ்வொரு இலையோட நரம்பும், அதுல ஒட்டியிருக்கற பூச்சியும் தெரியுது. எந்த மனுஷக் கண்ணுக்கும் இது முடியாது.

நேரத்தை எப்படி இழுக்கறார்னு முதல் பகுதியிலயே சொல்லிக் கொடுத்துட்டார். அங்க ஒரு சத்தம் கேக்குது, கொல்லன் பட்டடையில சம்மட்டி அடிக்கற மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகுது. என்னன்னு பார்த்தா, அவன் கடிகாரத்தோட டிக் டிக். ஒரு நொடி இவ்வளவு நீளமா ஆகும்னா, அதுக்குள்ள முப்பது மைல் நடந்து வீட்டுக்கும் போகலாம்.

அந்தப் பலகையையும் கவனிங்க. ஸ்லீப்பர் கட்டைங்க மேல ஒரு பலகை. ஒரு முனையில இவன், மறு முனையில சார்ஜென்ட். சார்ஜென்ட்டோட எடைதான் பலகையப் பிடிச்சிருக்கு. அவர் ஒரு அடி நகர்ந்தா பலகை சாயும், இவன் விழுவான். கொல்றதுக்கு அவ்வளவு போதும். பியர்ஸ் அந்தப் போர்ல வடக்குப் படையில சண்டை போட்டவர், 1864-ல தலையில குண்டடி பட்டவர். ராணுவம் ஒரு வேலைய எப்படி முறையா செய்யும்னு தெரிஞ்ச கை எழுதினது இது.

ரெண்டாவது பகுதியில ஒண்ணு மட்டும். தெற்குப் படையோட சாம்பல் சீருடையில ஃபார்க்கர் வீட்டுக்கு வந்து தண்ணி கேட்டவன் தெற்கு வீரன் இல்ல, வடக்கு ஒற்றன். பாலத்தை எரிக்கற யோசனைய ஃபார்க்கர் மனசுல போட்டதே அந்த ஒற்றன்தான். ஆனா ஃபார்க்கர் அடிமைகளை வெச்சிருந்தவன், தெற்குப் பக்கத்துக்காகத்தான் சாகசம் பண்ணக் கிளம்பினான். அவனுக்காகப் பதைக்கும்போது இதையும் சேர்த்தே படிக்கணும்.

கடைசியா, தமிழ்ல மொழிபெயர்க்க நினைக்கறவங்களுக்கு. வீட்டு வாசல் வந்ததும் கதை இறந்தகாலத்துலேர்ந்து நிகழ்காலத்துக்கு மாறுது. நிற்கிறான், கதவைத் தள்ளுகிறான், மனைவி படியிறங்கி வருகிறாள். சீரா இருக்கட்டும்னு இதை 'நின்றான், தள்ளினான்'னு மாத்தினா கதை போச்சு. அவளைத் தொடப்போற நேரம் பிடரியில ஒரு அடி, வெள்ளை வெளிச்சம், பீரங்கிச் சத்தம், அப்புறம் இருட்டு. இருட்டுக்கு அடுத்த வரிதான் திரும்ப இறந்தகாலம்: ஃபார்க்கர் இறந்துபோயிருந்தான்.