அரிசி வந்துவிடும், விறகுக்கு யார்?

(காட்சி: கரி படிந்த விறகடுப்பு. நெருப்பின் ஓசை மட்டும்.)

1867ஆம் ஆண்டு மே 23 அன்று, கடலூர் மாவட்டம் வடலூரில் வள்ளலார் ஓர் அடுப்பை ஏற்றி வைத்தார். பசித்து வருபவரிடம் சாதியும் மதமும் கேட்காமல் சோறு போடுகிற சத்திய தருமச்சாலையின் அணையா அடுப்பு அது. இன்றும் எரிகிறது. அங்கே போய் வந்தவர்கள் எல்லாரும் வியந்து கேட்கும் கேள்வி, இத்தனை பேருக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்பது. எனக்குச் சிறு வயதிலிருந்தே வேறொரு கேள்வி. சமைக்காத நேரத்திலும் அந்த நெருப்பு அணையக் கூடாதே, அதற்கு விறகு யார் தருகிறார்கள்?

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இயங்கும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் எப்படி நிதி திரட்டுகின்றன, திரட்டியதை வைத்து ஊருக்கு என்ன செய்கின்றன என்பதை இந்த விறகுக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே பார்க்கப் போகிறோம்.

சட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்ய வேண்டும், பான் அட்டை வாங்க வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், வருமான வரித்துறையில் பதிவு பெற வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இனி அரிசிக்கு வருவோம்.

(காட்சி: சமையலறைத் தராசு, பக்கத்தில் அரிசித் தூக்கு.)

பிடி அரிசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பது. அந்த ஒரு பிடி எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. மூன்று முறை அள்ளினேன்: 46 கிராம், 51 கிராம், 43 கிராம். அம்மா அள்ளினார், 38 கிராம். சராசரியாக 45 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 1 கிலோ 350 கிராம். 200 வீடுகள் சேர்ந்தால் 270 கிலோ. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் என்றால் 1,800 சாப்பாடு, அதாவது நாள்தோறும் 60 பேர். இரண்டு தெருக்கள் மனம் வைத்தால், அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து காத்திருக்கும் 60 பேர் மதியம் பசியாற முடியும். கணக்குப் போட்டு முடித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஆனால், அந்த 200 டப்பாக்களையும் ஒரே அண்டாவில் கொட்டிப் பாருங்கள். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி. போன வருடத்துப் பழைய அரிசியும் நேற்று அரைத்து வந்த புது அரிசியும் கலந்து கிடக்கும். உலையில் போட்டால் பச்சரிசி குழைந்து கூழாகும்போது புழுங்கல் நடுவில் நறுக்கென்று நிற்கும். நான் வார இறுதிகளில் உதவிக்குப் போகும் ஒரு சிறிய அன்னதானக் கூடத்தில் சமைக்கும் அம்மா, முதல் மாத மூட்டையைக் கையால் துழாவிவிட்டு, "தம்பி, இது சோறாகாது, கஞ்சிக்குத்தான் ஆகும்" என்றார். இரண்டு மாதம் கஞ்சிதான் ஊற்றினோம். பிறகு அவர் சொன்ன யோசனைப்படி வீட்டுக்கு இரண்டு டப்பா கொடுத்தோம். மூடியில் ஒன்றுக்கு வெள்ளை நாடா, ஒன்றுக்குச் சிவப்பு நாடா. வெள்ளையில் பச்சரிசி, அது பொங்கலுக்கு. சிவப்பில் புழுங்கல், அது சோற்றுக்கு. இட்லி அரிசி இருப்பவர்கள் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள், ஊறப்போட்டு மாவாட்டினோம். பொருளாக வாங்கும் எந்த அறக்கட்டளைக்கும் பொருந்துகிற பாடம் இது: கொடுப்பவர் எளிதாகக் கொடுத்துவிடுகிறார், பிரிப்பது, சேர்ப்பது, சுமப்பது எல்லாம் வாங்குபவர் வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பழைய துணிகள் சாலையோரம் மலைபோலக் குவிந்து கிடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. அரிசி மூட்டையை எந்த வரிச்சலுகையும் கண்டுகொள்ளாது. 80ஜி என்று நாம் சொல்கிறோமே, நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை, அது பணத்துக்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே வரிக்காகக் கொடுப்பவர்களை நம்பி உள்ளூர் அறக்கட்டளை நடத்த முடியாது. பாசத்துக்காகக் கொடுப்பவர்கள்தான் அதன் முதுகெலும்பு. பிறந்த நாள், திருமண நாள், அப்பாவின் நினைவு நாள் என்று ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்கிறார்கள். இதில் எல்லாரும் ஒரே நாளைக் கேட்பதுதான் சிக்கல். ஆடி அமாவாசைக்கு ஏழு பேர் வருவார்கள். அடுத்த செவ்வாய்க்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். "ஐயா, உங்கள் அப்பா பெயரில் வரும் செவ்வாய்க்கிழமை போடட்டுமா?" என்று மனம் நோகாமல் கேட்டு நாளை மாற்றி வாங்கத் தெரிந்தவர்தான் உண்மையான நிதி திரட்டுபவர். அந்த ஒரு வாக்கியத்தைப் பக்குவமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை; செயலாளர் அக்காவுக்கு வருகிறது.

(காட்சி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, காலை.)

புதுச்சேரிக்கே உரிய ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பிரெஞ்சு ஆட்சி முடிந்து, 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், பாரிஸில் வேலை. தம்பி இந்தியக் குடிமகன், துபாயில் வேலை. இருவரும் தெருமுனை அறக்கட்டளைக்குப் பணம் தர விரும்புகிறார்கள். தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அண்ணன் விடுமுறையில் வந்து, பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்திய ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை! அதற்கென்று மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக்கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளையும், 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு வைத்து அதன் வழியாகத்தான் வாங்க வேண்டும். திண்ணையிலிருந்து தெருமுனைக்குப் போக வேண்டிய பணம் தில்லி சுற்றிக்கொண்டு வருகிறது. கண்காணிப்பு தேவைதான், ஆனாலும் சிறிய அமைப்புகளுக்கு இது பெரிய சுமை என்பது என் கருத்து.

பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் சொல்கிறது, உள்ளூருக்கு முன்னுரிமையும் தரச் சொல்கிறது. அதில் கட்டடம் வரும், வண்டி வரும்.

வண்டி வந்த பிறகு? இங்கேதான் விறகு.

எங்கள் கூடத்துக்கு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஓர் அமரர் ஊர்தி வாங்கிக் கொடுத்தார்கள். வண்டியின் பக்கவாட்டில் பெயர்கள் எழுதியிருக்கிறது. டீசல் யார் பெயரிலும் எழுதப்படுவதில்லை. ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, டயர், கூடத்தின் மின்கட்டணம், ரசீதுப் புத்தகம் அச்சடித்த செலவு, எதற்கும் நினைவு நாள் கொண்டாட யாரும் வருவதில்லை. 2011 தானே புயலின்போதும் 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் உதவி வெள்ளமாக வந்தது. அடுத்த மார்ச் மாதத்தில் அதே கூடத்தில் எரிவாயு உருளைக்குப் பணம் இல்லை. சேவை நின்றுபோவது பெரும்பாலும் அரிசி இல்லாமல் அல்ல, இந்தச் சில்லறைச் செலவுகளுக்கு ஆள் இல்லாமல்தான்.

(காட்சி: ரசீதுப் புத்தகம். பக்கங்கள் புரள்கின்றன.)

இந்தக் கட்டத்தைப் பாருங்கள், 'எதற்காக' என்று இருக்கிறதே. பிறந்த நாள். நினைவு நாள். நினைவு நாள். திருமண நாள். பிறந்த நாள். இதோ இந்த ரசீது: நூறு ரூபாய், 'டீசலுக்கு'.

கொடுத்தவர் ஒரு ஆட்டோ ஓட்டுநர். அவருடைய அப்பா புதுச்சேரி ஜிப்மரில் இறந்தபோது, இரவு இரண்டு மணிக்கு எங்கள் வண்டிதான் உடலைக் கடலூர் கொண்டு வந்தது. அப்போது எங்கள் வண்டியின் ஓட்டுநர் காசு வாங்க மறுத்துவிட்டாராம். மாதம் பிறந்தால் இந்த ஆட்டோக்காரர் ஐந்தாம் தேதிக்குள் நூறு ரூபாயோடு வந்துவிடுவார். 'அன்னதானம்' என்று எழுதிவிட்டால் விட மாட்டார், அடித்துத் திருத்தி 'டீசலுக்கு' என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுத்தான் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.

உங்கள் ஊர் அறக்கட்டளைக்கு இந்த வாரம் ஒரு முறை போய், "போன மாதம் மின்கட்டணம் எவ்வளவு வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கீழே எழுதுங்கள். நானும் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.