பொறியாளருக்கான அடித்தளம் ஒன்பதாம் வகுப்பில்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் மண்டபம் பிடித்து வழிகாட்டி முகாம் நடத்துகிறோம். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எவ்வளவு கட்-ஆஃப் என்று சொல்லி அனுப்புகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு பிள்ளை பொறியியலுக்கு ஏற்றபடி பழகியிருக்கும், அல்லது பழகாமலே வந்திருக்கும். 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தால் உயர்கல்வி பற்றிய பேச்சு அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அதோடு கைவேலையைச் சேர்ப்பது நம் பொறுப்பு. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் அளவெடுத்தல். ஹார்டுவேர் கடையில் ‘அரை இஞ்ச்’ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டு ஒன்று வாங்குங்கள். வெர்னியர் அளவியால் அதன் வெளிவிட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் வரும். “அரை இஞ்ச் என்றால் 12.7 தானே சார்?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அரை இஞ்ச் என்பது பழைய நாளில் உள்விட்டத்தை ஒட்டி வைத்த பெயர். குழாய்களை இணைக்கும் எல்போ, டீ போன்ற துண்டுகள் எல்லாம் மரையில் பொருந்த வேண்டுமே, அதனால் வெளிவிட்டத்தை மாற்றாமல் சுவர் கனத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். அதே துண்டைப் பத்துப் பேர் அளந்து பலகையில் எழுதினால் பத்தும் ஒன்றாக இராது. தாடைகளை மூடிச் சுழிப்பிழை (மூடிய நிலையிலும் கருவி சுழியைக் காட்டாத பிழை) பார்க்காதவர் யார், குழாயைச் சாய்த்துப் பிடித்தவர் யார் என்று தேட ஒரு பீரியட் முழுவதும் போகட்டும். அது வீணாகும் நேரம் இல்லை.

பத்தாம் வகுப்பில் ஓம் விதி வரும்போது 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு சிவப்பு எல்இடியையும் கொடுங்கள். எல்இடி எடுத்துக்கொள்வது 2 வோல்ட், மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். மிச்சம் 7 வோல்ட். கணக்குப்படி 350 ஓம் மின்தடை வேண்டும். கடையில் எளிதில் கிடைப்பவை 330, 390. எதைப் போடுவது? 330 போட்டால் மின்னோட்டம் 21-ஐத் தாண்டும்; 390 போட்டால் 18-க்குள் நிற்கும், வெளிச்சமும் பெரிதாகக் குறையாது. ஆகவே 390. பாடநூல் விடை 350-இல் முடிகிறது, பொறியாளரின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சால்டரிங் செய்யும்போது பலரும் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி எடுத்துக்கொண்டுபோய் ஒட்டுவார்கள். ஈயக் கம்பிக்குள் இருக்கும், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிளக்ஸ் வழியிலேயே எரிந்துவிடும். பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், லேசாக இழுத்தால் கழன்றுவிடும். முனையைக் கம்பியிலும் போர்டின் தாமிரத்திலும் ஒருசேர வைத்து இரண்டு மூன்று விநாடி சூடாக்குங்கள். பிறகு ஈயக் கம்பியால் இணைப்பைத் தொட்டால் தானே உருகிப் பரவும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் முடிந்ததும் கை கழுவுவதும் கட்டாயம். மேசைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் செய்ய முப்பது பேர் வேடிக்கை பார்க்கும் வகுப்பில் யாரும் எதையும் கற்பதில்லை.

தொழிற்சாலைக்கு அழைத்துப் போவது நம் ஊர்ப்பக்கம் எளிது. ஆனால் கையில் கேள்வித்தாள் இல்லாவிட்டால் அது சுற்றுலாவாக முடிந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் நீரில் என்ன இருக்கிறது, எந்தத் தொட்டியில் எது பிரிகிறது, கடைசிவரை பிரியாமல் நிற்பது எது? இந்த மூன்றும் போதும். தோலைப் பதனிடப் போடும் குரோமியத்தை மெக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம், கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவும் பயன்படுத்தலாம். ஆனால் பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு கரைந்தே கிடக்கும். அதற்குத்தான் நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ தேவைப்படுகிறது. ஆர்ஓ பிரித்த உப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? பாலாற்றங்கரைப் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பழக வேண்டும். நம் மண்ணில் இன்னும் தீராத பொறியியல் கேள்வி இது.

இனி, பொறியியல் சேர்க்கை. கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. கணிதத்தில் விடும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் விடும் இரண்டுக்குச் சமம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நல்ல மதிப்பெண் வரட்டும் என்று பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் அதை இழக்கிறார்கள். அரசு கட்டும் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அதோடு போய்விடும். பத்தாம் வகுப்பு முடிந்து பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஜனவரியிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.