முதல் காட்சியை ஓட்டிவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 'ஃபைண்டிங் நீமோ' என்ற அனிமேஷன் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது, அம்மா மீன் சாகும் இடம் வருவதற்குள் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடும் பெற்றோர் நிறையப் பேர். பிள்ளை பயந்துவிடுமே என்ற அக்கறைதான். ஆனால் 2003-இல் வந்த இந்தப் படம் இன்றும் அலுக்காமல் இருப்பதற்கு ஆணிவேர் அந்தச் சில நிமிடங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறை. மார்லின், கோரல் என்ற இரண்டு கோமாளி மீன்கள் பூப்போல விரிந்திருக்கும் கடற்சாமந்தி என்ற கடல் உயிரியில் புதுக்குடித்தனம் வந்திருக்கின்றன. பக்கத்திலேயே 400-க்கும் மேற்பட்ட முட்டைகள். என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. திடீரென்று அக்கம்பக்கத்தில் ஒரு மீனைக்கூடக் காணோம். எதிரே பாரகுடா என்கிற பெரிய சீலா மீன். கோரல் தன் முட்டைகளைக் காக்க அவற்றை நோக்கிப் பாய்கிறது. பாரகுடாவைத் தடுக்கப்போன மார்லின் அடிபட்டு மயங்கிவிடுகிறது. கண் விழிக்கும்போது இரவு. மனைவி இல்லை, முட்டைகள் இல்லை. லேசாகக் கீறல் விழுந்த ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். அந்தக் காட்சியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. உனக்கு ஒன்றும் ஆகவிடமாட்டேன் என்று அந்த முட்டையிடம் அப்பா சத்தியம் செய்கிறது. அதிலிருந்து பிறக்கும் மகன்தான் நீமோ. பின்னால் மனிதர்கள் நீமோவைப் பிடித்துக்கொண்டு போக, அப்பா தேடிக் கிளம்புகிறது. மீதிப் படம் முழுக்க அந்தச் சத்தியத்தின் கதைதான்.

இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் இதை முதலில் இப்படி அமைக்கவில்லை. கோரலின் மரணத்தைத் துண்டு துண்டாக்கி, படம் நெடுக நினைவுக் காட்சிகளாகத் தூவி வைத்திருந்தார். அப்படிப் பார்த்தபோது மார்லின் வெறும் நச்சரிக்கும் அப்பாவாகத் தெரிந்தது. யாருக்கும் அதன்மேல் ஒட்டுதல் வரவில்லை. அப்புறம்தான் எல்லாவற்றையும் சேர்த்துத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். மார்லின் பேசும் அதே வசனங்கள், செய்யும் அதே கெடுபிடிகள் எல்லாவற்றுக்கும் அர்த்தம் மாறிவிட்டது. நீமோ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நாளில், வீட்டு வாசலில் வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், உள்ளே வந்து ஆபத்து இல்லையே என்று சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறதே, நாம் சிரிக்கிறோம். ஆனால் ஏன் இப்படிச் செய்கிறது என்று நமக்குத் தெரியும். காட்சியை ஓட்டிவிட்ட வீட்டில் அந்தச் சிரிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

ஸ்டான்டனுக்கே இதில் சொந்த அனுபவம் உண்டு. சின்ன மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன அன்று, தொடாதே, பார்த்துப் போ என்று சொல்லிச் சொல்லியே பையனோடு இருக்கக் கிடைத்த நேரத்தை வீணாக்கிவிட்டோமே என்று வருந்தியிருக்கிறார். கடற்சாமந்திக்குள்ளிருந்து இரண்டு மீன்கள் எட்டிப் பார்க்கும் ஒரு புகைப்படமும் அவர் மனதில் தங்கியிருந்தது. படம் அங்கிருந்து வளர்ந்தது.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி இந்தப் படம் பிரசங்கம் செய்வதில்லை. வேறு இரண்டு பெரியவர்களைக் காட்டிவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுகிறது. ஒருவர் கிரஷ் என்ற கடலாமை. அதன் குட்டி நீரோட்டத்திலிருந்து வெளியே தூக்கியெறியப்பட்டதும் மார்லின் பதறிப் பாயப்போகிறது. கிரஷ் தடுத்து, அவனே என்ன செய்கிறான் பார்க்கலாம் என்கிறது. குட்டி தானே நீந்தித் திரும்பிவந்து குதூகலிக்கிறது. இன்னொருவர், பிடிபட்ட நீமோ போய்ச்சேரும் சிட்னி பல் மருத்துவர் அறையின் தொட்டியில் இருக்கும் கில் என்ற மீன். நீமோவுக்குப் பிறவியிலேயே ஒரு துடுப்பு சின்னது. தொட்டிக் குழாயில் மாட்டிக்கொண்டு அது அப்பாவைக் கூப்பிடும்போது, மற்ற மீன்கள் உதவிக்கு ஓடுகின்றன. யாரும் தொடாதீர்கள் என்கிறது கில். என் துடுப்பு சரியில்லையே என்று நீமோ சொல்ல, கில் மெதுவாகத் திரும்பிச் சிதைந்துபோன தன் துடுப்பைக் காட்டுகிறது. அந்தத் திரும்பல் ஒன்றுக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

தொழில்நுட்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரைக் கணினியில் உருவாக்குவது அந்தக் காலத்தில் பெரிய சவால். படத்தை உருவாக்கிய பிக்ஸார் நிறுவனக் குழுவினர் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தார்கள், மீன்கள் நீந்தும் விதத்தை ஒரு மீனியல் அறிஞரிடம் பாடமாகவே கேட்டார்கள். சோதனைக்காகச் செய்த தண்ணீர் நிஜக் கடல் போலவே வந்துவிட்டதால், கதைக்கு ஏற்றபடி அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். கோமாளி மீன் இனத்தில் முட்டைகளைக் காத்து, துடுப்பால் விசிறிவிடுவது பெரும்பாலும் ஆண்தான். பெண் இறந்துபோனால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும் என்பதும் உண்மை. படம் அதைத் தொடவில்லை. அப்பாவின் கதை என்று முடிவு செய்தபிறகு அதுதான் சரி.

கடைசியில், தேடலில் மார்லினுக்குத் துணையாக வந்த டோரி என்ற மீன் வலையில் சிக்கிவிட, அதைக் காப்பாற்ற வலைக்குள் போகவேண்டும் என்கிறது நீமோ. தேடித் தேடி இப்போதுதான் கைக்குக் கிடைத்த பிள்ளை. மார்லின் தயங்குகிறது, பிறகு விட்டுவிடுகிறது. எல்லாரும் கீழே நீந்துங்கள் என்று உள்ளே இருந்து நீமோ சொல்ல, வெளியே இருந்து அப்பா கத்த, மீன்கள் ஒன்றாகக் கீழே இழுக்க, வலை படகிலிருந்து அறுந்து விழுகிறது. அதற்கு அடுத்து வரும் பள்ளிக்கூட நாளில், எழுந்திரு, நேரமாகிவிட்டது என்று மகனை அவசரப்படுத்தி எழுப்புவது மார்லின்தான்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.