ஆணி எங்கே அடிப்பது?

வணக்கம், நேயர்களே. பேப்பர், பென்சில் எதுவும் தேட வேண்டாம். முற்றத்தில் 10 அடி நீளம், 6 அடி அகலத்தில் நீள்வட்டமாக ஒரு பூப்பாத்தி போட வேண்டும். வளைவை எப்படி வளைப்பது என்றுதான் எல்லாரும் முழிப்பார்கள். வளைவு கிடக்கட்டும், ஆணி எங்கே அடிப்பது என்று கேளுங்கள். அந்த இரண்டு ஆணிதான் குவியங்கள்.

நீளவாக்கில் கோடு போட்டு நடுவைக் குறியுங்கள். நடுவிலிருந்து அகலவாக்கில் 3 அடி தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து 5 அடிக் கயிற்றை வீசினால், நீளக்கோட்டை நடுவுக்கு இருபுறமும் சரியாக 4 அடியில் தொடும். அந்த இரண்டு இடத்திலும் முளை அடியுங்கள், அவைதான் நம் ஆணிகள். முளைக்கு முளை 10 அடிக் கயிறு. முடிச்சுக்குத் தனியாக விட்டுக்கொள்ளுங்கள். குச்சியால் கயிற்றை விறைப்பாக இழுத்தபடி மேல்பாதி, பிறகு கயிற்றை மறுபுறம் போட்டுக் கீழ்பாதி. நைலான் கயிறு மட்டும் ஆகாது, இழுக்க இழுக்க நீளும். முளை சாய்ந்தாலும் பாத்தி கோணல்தான்.

கவனியுங்கள்: ஒரு முளையிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து மறு முளைக்கு, எந்தப் பக்கமாகப் போனாலும் அதே 10 அடி.

1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில், டோர்னியர் நிறுவனக் கருவியால் முதன்முதலாக ஒருவரின் சிறுநீரகக் கல்லைக் கத்தி வைக்காமல் உடைத்தது இதை நம்பித்தான். பாதி நீள்வட்டக் கிண்ணம்; ஒரு குவியத்தில், தண்ணீருக்குள் மின்சாரத் தீப்பொறி. அது கிளப்பும் அதிர்வலை கிண்ணத்தில் எங்கே பட்டாலும் மறு குவியத்துக்கே திரும்பும். தூரம் ஒன்றே, அதே 10 அடிக் கணக்கு! அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். கல் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, இரண்டு திசையில் எக்ஸ்ரே பார்த்து நகர்த்தினார்கள். தொட்டி எதற்கு? நடுவே காற்று இருந்தால் அலை தோலைத் தாண்டாது. இப்போது தொட்டிக்குப் பதில் ஜெல்; அதில் காற்றுக்குமிழி நின்றால் அலையின் பலம் குறையும். மூச்சோடு சிறுநீரகமும் ஏறி இறங்கும். கல் விலகிய நேரத்தில் வரும் அலை வீண்.

நேரமாகிவிட்டது, சைகை காட்டுகிறார்கள். ஒரு குவியத்தை எட்டாத தூரத்துக்குத் தள்ளினால் பரவளையம். உங்கள் மாடியில் இருக்கும் டிவி டிஷ் அந்த வடிவம்தான். பெரிய கிண்ணத்தின் ஒரு பக்கத்திலிருந்து வெட்டிய துண்டு, ஆகவே குவியம் தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறது. குவியத்தில் அலைவாங்கியைத் தாங்கும் கரம் கீழ்விளிம்பிலிருந்து நீள்வது அதனால்தான். படம் சிதறினால் தட்டைத் திருப்புவதற்கு முன், துணி காயப்போட்டு அந்தக் கரம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.