டயரைக் கிழிக்கிற கல்லு, தோசையை விட தட்டையான ஊரு, ஆனா 3,000 மீட்டர் ஏத்தம்! எப்படி?

ஒரு கல்லு. சும்மா பார்த்தா சாதா கல்லு தான், ஆனா உடைஞ்ச ஓரத்துல விரல வெச்சு இழுத்தீங்கன்னா ரத்தம் வந்துரும். இந்தக் கல்லு ரோடு முழுக்கக் கொட்டிக் கிடக்கு, அந்த ரோட்டுல விடியக்காலையில கிளம்பி 320 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறதுக்கு உலகம் பூரா இருந்து ஆளுங்க காசு கட்டி வர்றாங்க. இவங்களுக்கெல்லாம் கழண்டு போச்சான்னு தோணுதுல்ல? இருங்க, வீடியோ முடியட்டும்.

வணக்கம் மக்களே! இடம் அமெரிக்காவுல கன்சாஸ், எம்போரியான்னு ஒரு சின்ன டவுன். 2006ல 34 பேரோட ஆரம்பிச்ச ரேஸ், இப்போ பேரு அன்பவுண்ட் கிராவல் (கிராவல்னா ஜல்லி ரோடு), கூட்டம் ஆயிரக்கணக்குல வருது, மெயின் ரேஸ் 200 மைல். ஹிஸ்டரி ஓவர். எனக்கு ரேஸ விட அந்த ரோடு தான் பிடிச்சிருக்கு.

மொதல்ல ஒரு விஷயம். அமெரிக்காவுல யார கேட்டாலும் கன்சாஸ்னா தட்டை, மேடே கிடையாதுன்னு சொல்லுவாங்க, பேன்கேக் மாதிரி தட்டைன்னு ஒரு பேச்சே இருக்கு. பேன்கேக்னா நம்ம ஊத்தப்பம் சைஸ்ல ஒரு இனிப்பு தோசைன்னு வெச்சுக்கங்க. 2003ல மூணு ஜியாகிரஃபி ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு பேன்கேக்க வாங்கிட்டு வந்து, லேசர் மைக்ராஸ்கோப் அடியில வெச்சு அதோட மேடு பள்ளத்தை அளந்து, கன்சாஸோட உயரக் கணக்கையும் எடுத்து ரெண்டையும் கம்பேர் பண்ணிட்டாங்க! முழுத் தட்டைன்னா 1. பேன்கேக்குக்கு 0.957. கன்சாஸுக்கு 0.9997. அதாவது பேன்கேக்க விட கன்சாஸ் தட்டை, சயின்ஸே சொல்லிருச்சு.

ஆனா இதுல ஒரு செம்ம உள்குத்து இருக்கு. கன்சாஸோட நீளம் சுமார் 650 கிலோமீட்டர். 13 சென்டிமீட்டர் பேன்கேக்க அந்த நீளத்துக்கு இழுத்தா, அதுல இருக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் 5 கிலோமீட்டர் ஆயிரும். அப்போ பேன்கேக் மேல வெறும் 2 மில்லிமீட்டர் புடைப்பு இருந்தா அது 10 கிலோமீட்டர் மலை, எவரெஸ்ட்டே 9 தொடாது! இந்தக் கணக்குல எந்த ஊரு தாங்க தட்டை இல்ல? இத படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்புக்கு பக்கத்து ரூம்ல இருந்து வந்து எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் கன்சாஸ் யுனிவர்சிட்டி ஆளுங்களே ரோஷம் வந்து அமெரிக்க மாநிலங்களை சீரியஸா அளந்து 2014ல பேப்பர் போட்டாங்க, ரொம்பத் தட்டையான மாநிலம் ஃப்ளோரிடாவாம், கன்சாஸ் ஏழாவது தான். மானம் காப்பாத்தப்பட்டுச்சு.

சரி ரோட்டுக்கு வருவோம். அந்த 200 மைல்ல ஏர்ற உயரத்தை எல்லாம் கூட்டினா 3,000 மீட்டர் தாண்டும். பெரிய மலைன்னு ஒண்ணு கூட கிடையாது, எல்லாம் குட்டி குட்டி மேடு, ஏறு இறங்கு ஏறு இறங்குன்னு நாள் பூரா அதே தான். பெரிய மலைன்னா ஒரே சீரா மிதிச்சு செட் ஆயிரலாம், இங்க செட் ஆகவே விடாது. அதுவும் லூஸ் ஜல்லில சீட்ட விட்டு எந்திரிச்சு மிதிச்சா பின் வீல்ல வெயிட் குறைஞ்சு சர்ர்னு சுத்தும், அதனால உக்காந்தே தான் ஏறணும்.

இந்த மேடெல்லாம் எங்க இருந்து வந்துச்சு? அந்தக் கல்லு தான் காரணம். 25 கோடி வருஷத்துக்கும் முன்னாடி அந்த இடம் ஆழமில்லாத கடல். அடியில சுண்ணாம்புக் கல்லு படிஞ்சுச்சு, அதுக்குள்ள கட்டி கட்டியா சிக்கிமுக்கி கல்லு. மழையும் காத்தும் மத்ததை எல்லாம் கரைச்சிட்டு போயிருச்சு, இது மட்டும் கரையல. அது எங்கெல்லாம் குடை மாதிரி மேல மூடி நின்னுச்சோ அங்கெல்லாம் குன்று. 1806ல அந்தப் பக்கமா போன ஜெபுலன் பைக்னு ஒரு அதிகாரி, கரடுமுரடான சிக்கிமுக்கி குன்றுகள்னு டைரில எழுதி வெச்சாரு, ஃப்ளின்ட் ஹில்ஸ்னு அதுவே பேரா நின்னுருச்சு.

இப்போ தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். அப்புறமா குடியேற வந்தவங்க ஏர் பூட்டி உழப் பார்த்தாங்க, மண்ணு மேலாக கொஞ்சம் தான், கீழ பூரா கல்லு. போங்கடான்னு மாடு மேய்க்க விட்டுட்டாங்க. வட அமெரிக்காவுல ஒரு காலத்துல 17 கோடி ஏக்கர்ல உயரமா வளர்ற புல்வெளி இருந்துச்சு, மத்த இடங்கள்ல பெரும்பாலும் உழுது மக்காச்சோளம் மாதிரி பயிர் போட்டாச்சு, இன்னைக்கு மிச்சம் 4 சதவீதம் கூட இல்ல, அந்த மிச்சத்துல பெரும்பகுதி இங்க தான். டயரைக் கிழிக்கிற அதே கல்லு தான் இந்தப் புல்லைக் காப்பாத்துச்சு! அந்தப் புல்லோட வேர் 3 மீட்டர் ஆழம் கூட போகும், அதனால வசந்த காலத்துல பண்ணைக்காரங்க மேல தீ வெச்சு கொளுத்துவாங்க, மரக்கன்னு எல்லாம் செத்துரும், புல்லு மட்டும் புதுசா துளிர்க்கும். மரம் இல்லன்னா என்ன ஆகும்? நிழல் கிடையாது, எதிர்காத்தைத் தடுக்க ஒண்ணுமே கிடையாது. சைக்கிள்காரன் பாடு திண்டாட்டம்.

டயர் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். டியூப்லெஸ், அகலமான டயர், உள்ள சீலன்ட் திரவம். நடுவுல சின்ன ஓட்டை விழுந்தா சீலன்ட் அடைச்சிரும், பக்கவாட்டுல கிழிஞ்சா அதுக்கும் பெப்பே, உள்ள ஒட்டு வெச்சு டியூப் போட்டு ஓட்ட வேண்டியது தான். இதுல 2024ல ஜெயிச்ச லாக்லன் மார்ட்டன் 9 மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல எடுத்துக்கிட்டாரு, கணக்குப் போட்டா மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர். நான் தார் ரோட்டுல, இறக்கத்துல கூட அதைத் தொட மாட்டேன்.

மழை பெஞ்சா கதையே வேற. நடு நடுவுல ஜல்லியே போடாத மண் ரோடு வரும், நனைஞ்சா களிமண் வீல்ல அப்பி ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவுல இறுகி வண்டி நின்னுரும். 2023ல அப்படித்தான், ஆரம்பத்துலயே ப்ரோ ரைடர்ஸ் எல்லாம் சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடந்தாங்க. தள்ளிட்டுப் போனா இன்னும் அப்பும், கியர் உடைஞ்சா ரேஸ் அவுட். இதுக்கு அங்க பழகினவங்க வெச்சிருக்கிற ஹைடெக் டூல் என்ன தெரியுமா? பெயின்ட் டப்பாவைக் கலக்குற மரக்குச்சி! பல லட்ச ரூபா கார்பன் சைக்கிள், ஜெர்சி பாக்கெட்ல குச்சி, ஓரமா உக்காந்து களிமண்ணை வழிச்சு வழிச்சு எறியறாங்க. நீங்களா இருந்தா குச்சியா, இல்ல வெறும் கையா? கமெண்ட்ல போடுங்க, கையின்னு போடுறவங்க மறந்துராதீங்க, அந்த மண்ணுக்குள்ளயும் அந்தக் கல்லு இருக்கு.