பழைய காரும் பித்தளை முளையும்

நேயர்களுக்கு என் வணக்கம். பழைய கார்களைப் பற்றிப் பேச வருமாறு வானொலி நிலையத்தார் அழைத்தபோது, எஞ்சினைப் பற்றியோ வர்ணப்பூச்சைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டதோ வயரையும் வயரையும் சேர்க்கும் கனெக்டர்களை. கொழும்பு வீதிகளில் இன்றைக்கும் ஓடுகின்ற மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பழைய மினி போன்றவை வழியில் நின்றுபோனால், எஞ்சினைக் குறைசொல்லுமுன் இவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம்.

இந்தப் பிரித்தானியக் கார்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். வயரின் நுனியில் ஏறத்தாழ 4.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய பித்தளை முளை ஒன்று ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். புல்லட் என்று சொல்வது அதைத்தான். கறுப்பு இறப்பர் உறைக்குள் இருக்கும் உலோகக் குழாயில், இரு பக்கமிருந்தும் புல்லட்டுகளை அழுத்திச் செருகினால் இணைப்பு முடிந்தது. முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் புல்லட் அல்ல, அந்த உறைதான். இறப்பர் காய்ந்து வெடிக்க, உள்ளேயிருக்கும் குழாய் தளர, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து உப்புக் காற்று அதற்குள் புகுந்து பச்சைக் களிம்பாகப் படிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் மொரிஸ் மைனர் ஒன்று இருந்தது. இரவில் அதன் முன்விளக்குகள் மங்கலாகவே எரிந்தன. "டைனமோவும் பாத்தாச்சு, பல்பும் மாத்தியாச்சு, வெளிச்சம் மட்டும் மின்மினி மாதிரித்தான் கிடக்கு, தம்பி" என்றார். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு, முன்பக்கத்து உறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் விரலை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்; அவ்வளவு சூடு. இவ்வளவு சிறிய துண்டு இத்தனை வெளிச்சத்தை விழுங்குமா என்று அவருக்கு ஐயம். கடைச் சிட்டை ஒன்றின் பின்புறத்தில் அவரே கணக்குப் போட்டார். 45 வாட் பல்ப் 12 வோல்டில் ஏறத்தாழ 3.75 அம்பியர் இழுக்கும். அந்தப் பாதையில் 0.3 ஓம் தடை புகுந்தால், ஏறக்குறைய ஒரு வோல்ட் அந்த உறையிலேயே சூடாகிப் போய்விடும். வோல்ட் சிறிது குறைந்தாலும் பல்பின் வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறைவதால், ஒரு வோல்டுக்கு வெளிச்சத்தில் காற்பங்கு போய்விடுகிறது. உறையை மாற்றிய அன்றிரவே அவர் காரை எடுத்துக்கொண்டு காலி வீதியில் ஓட்டிப் பார்த்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல்பை மாற்றுமுன் உறையைத் தொட்டுப் பாருங்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்கமாட்டேன்.

இனி, எங்கே வாங்குவது? எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. அங்கே புல்லட் கேட்டால், ஜப்பானிய வாகனங்களுக்குரிய, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அளவுடையதை எடுத்துத் தரக்கூடும். அது பழைய உறைக்குள் போகும், ஆனால் பிடிக்காது. தோற்றத்தை நம்பாமல், கழற்றிய புல்லட்டையும் வேர்னியர் அளவுகோலையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பாருங்கள். வயரின் தடிப்பும் பொருந்த வேண்டும்: ஒரு சதுர மில்லிமீற்றர் வயருக்கு ஒரு புல்லட், இரண்டு சதுர மில்லிமீற்றருக்கு வேறொன்று. சரியான அளவில் புதிய உறைகளும் புல்லட்டுகளும் இங்கிலாந்தில் இன்றும் தயாராகின்றன. இலண்டனிலிருந்து வரும் மருமகனிடம் சொக்கலேட்டுக்குப் பதிலாக இவற்றைக் கேட்டால் பெட்டியில் ஒரு மூலைகூட நிறையாது. மகள் என்ன சொல்வாள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

பொருத்துமுன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். மண்ணிற வயர் பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமலே வருவது. அது காரின் உலோக உடம்பில் பட்டால் நெருப்புத்தான். பழைய வயரின் நுனி கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது; பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். வெட்ட வெட்டக் கறுப்பே வந்தால் அந்த வயரையே, அதே நிறத்தில், மாற்றிவிடுவது நல்லது. ஈயம் வைக்காமல் நெரித்துப் பொருத்தும் புல்லட்டுகளும் உண்டு. அவற்றுக்கு உரிய கருவி வேண்டும், குறட்டால் நெரிப்பது எனக்கு உடன்பாடில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். எர்த் இணைப்புகளைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன், அதற்கு நேரமில்லை. பியூஸை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பழைய லூக்காஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று இருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதன் பாதியான 17.5 அம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடிப் பியூஸ்களிலோ பெரும்பாலும் தொடர்ந்து தாங்கும் அளவே எழுதப்பட்டிருக்கும். இலக்கத்தை மட்டும் பார்த்து 35 வாங்கிப் போட்டால், பியூஸ் உருகுமுன் வயர் எரிந்துவிடும். ஆகவே 15 அம்பியர் அளவில் கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.