கறிவேப்பிலைக்குக் கோடு என்ன?

(பட்டிமன்றத் தலைப்பு: அன்றாடம் சாமான் வாங்குவதில் மனநிறைவு தருவது தெருமுனைக் கடையா, பேரங்காடியா? ‘தெருமுனைக் கடையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும், விழாக் குழுவினருக்கும், வெயில் தாழ்ந்தும் புழுக்கம் தாழாத இந்த மதுரை மைதானத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எதிரணிக்குத் தனி வணக்கம். அவர்களோடு எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஐயா, எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் தம்பி ஒன்று சொன்னார். “ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டு, அண்ணாச்சி இவர்களிடம் அடிமைச் சாசனம் எழுதி வாங்கிவிட்டார்” என்றார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. நான் விலை, தரம், எடை என்று ஒரு தாள் நிறையக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டேன். கறிவேப்பிலையைப் பற்றியே பேசப்போகிறேன். நடுவர் மணி அடித்தாலும் அதைத்தான் பேசுவேன்.

போன பங்குனி உத்திரம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் அன்றைக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெரு அண்ணாச்சியும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இங்கே என் நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை. மதுரையில் கறிவேப்பிலை இல்லாத சாம்பாரை நாத்தனாருக்குப் பரிமாறினால் என்ன ஆகும் என்பது இங்கே இருக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புறவழிச்சாலையில் இருக்கும் ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிரூட்டிய கடை, பளிங்குத் தரை, தள்ளுவண்டி. அரைக் கிலோ தக்காளி, ஒரு பெருங்காய டப்பா, ஒரு கொத்துக் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு பில் போடும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தக்காளிக்கு ‘பீப்’ என்றது. பெருங்காயத்துக்கு ‘பீப்’ என்றது. கறிவேப்பிலைக்கு ஒரு சத்தமும் இல்லை.

பில் போடும் பெண் கொத்தைத் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். இலைகளை விலக்கி உள்ளே பார்த்தாள். ஒட்டுத்தாள் இல்லை. பக்கத்துக் கல்லாவைப் பார்த்து, “அக்கா, கறிவேப்பிலைக்குக் கோடு என்ன?” என்று கேட்டாள். கோடு என்றால் கணினியில் அடிக்க வேண்டிய குறியீட்டு எண். “தெரியவில்லை, கொத்தமல்லியில் போடு” என்று பதில் வந்தது. போட்டாள். திரையில் 15 ரூபாய் என்று வந்தது. அதற்குள் மேற்பார்வையாளர் வந்து, “கொத்தமல்லியில் போட்டால் இருப்புக் கணக்கு இடிக்கும், எடுத்துவிடு” என்றார். எடுப்பதற்கு மேற்பார்வையாளர் சாவியைத்தான் போட வேண்டும். சாவி அவரிடம் இல்லை, மாடியில் இருக்கிறது.

“வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாமே” என்று தம்பி சைகை காட்டுகிறார். எப்படி வருவது? என் கறிவேப்பிலை கணினிக்குள் கொத்தமல்லியாக ஏறிவிட்டது! அதை இறக்காமல் தக்காளிக்குப் பில் வராது. பில் இல்லாமல் வாசலில் இருக்கும் காவலாளி என்னை விடமாட்டார்.

காய்கறிப் பகுதிக்கு ஒரு பையனை அனுப்பினார்கள். எடை போடுகிறவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். எனக்குப் பின்னால் வரிசை எண்ணெய் அடுக்கைத் தாண்டி, சோப்பு அடுக்கைத் தாண்டி, பிஸ்கட் அடுக்கு வரைக்கும் போய்விட்டது. ஒரு குழந்தை பில் போடாத பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிடவே ஆரம்பித்துவிட்டது. கையில் ஒரே ஒரு பால் பொட்டலத்தோடு நின்ற பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து கைகூப்பினார். “தாயே, என் வீட்டில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது. கிளையோடு ஒடித்துத் தருகிறேன். எனக்கு வழி மட்டும் விடுங்கள்” என்றார்!

சிரிக்கிறீர்கள். பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடியும் சொல்கிறேன். கிளையோடு ஒடித்துத் தருகிறேன் என்றார் ஐயா! ஒரு பால் பொட்டலம் வாங்க வந்த மனிதர், மரத்தையே கொடுக்கத் துணிந்துவிட்டார் என்றால் அவர் மனம் எந்த அளவுக்கு நொந்திருக்க வேண்டும்!

கடைசியில் ஒட்டுத்தாள் வந்தது. 40 கிராம், 4 ரூபாய் 80 காசு. சாவியும் வந்தது. முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். “கைப்பேசி எண் சொல்லுங்கள்” என்றாள் அந்தப் பெண். “கறிவேப்பிலைக்கு எதற்கம்மா கைப்பேசி எண்?” என்று கேட்டேன். “புள்ளிகள் சேரும். பிறந்த நாள், திருமண நாள் சொன்னால் சலுகைச் செய்தி வரும்” என்றாள்.

பேராசிரியர் தம்பி இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். அடிமைச் சாசனம் என்றீர்களே, அதை எழுதிக் கொடுத்தவர் யார்? பெயர், எண், பிறந்த நாள், எந்த மாதத்தில் என்ன எண்ணெய் வாங்கினோம் என்ற விவரம், இத்தனையும் எழுதிக் கொடுத்தது எந்த அணி? வாடிக்கையாளரிடம் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. எங்கள் அண்ணாச்சிக்கு அந்த அறிவுறுத்தல் தேவைப்படவில்லை. என் கைப்பேசி எண் அவருக்குத் தெரியாது. ஆனால் என் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரியும். என் பையன் வந்து பாட்டிக்கு என்று சொல்லி மைசூர்பாகு கேட்டால், “அம்மாவிடம் கேட்டுவிட்டு வா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அதே கறிவேப்பிலை அண்ணாச்சி கடையில் எப்படி வருகிறது? “தக்காளி இன்றைக்கா, நாளைக்கா?” என்று கேட்பார். இன்றைக்கு என்றால் கனிந்தது, நாளைக்கு என்றால் காய்வெட்டு. பருப்பைத் தாளில் கொட்டி நான்கு பக்கமும் மடித்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை ஒரு இழுப்பு இழுத்துச் சுற்றி, விரலாலேயே அறுப்பார். காதில் செருகிய பேனாவை எடுத்துத் துண்டுத் தாளில் கூட்டுவார். கூட்டும்போதே இடது கை தன்பாட்டுக்குப் பின்னால் போய், ஈரச் சாக்கிலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளிப் பைக்குள் போட்டுவிடும். அவர் அதைப் பார்க்கக்கூட மாட்டார். யாரிடமும் கோடு கேட்க மாட்டார். அந்தக் கைக்கு மேற்பார்வையாளர் இல்லை ஐயா!

தராசு முள் அண்ணாச்சியின் மனம் போல ஆடும் என்று இன்னொருவர் சொன்னார். ஆடினால் கேளுங்கள். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை இருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தொழிலாளர் துறையில் அதிகாரிகள் இருக்கிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அண்ணாச்சியின் தராசு என் கண் முன்னால் தொங்குகிறது. 5 ரூபாய்ப் பொட்டலம் அதே 5 ரூபாயில் இருந்துகொண்டே உள்ளே எடை குறைந்துபோகிறதே, அதைப் பேரங்காடியில் யாரிடம் கேட்பீர்கள்? பெரிய கடையில் பைக்குத் தனி விலை, அதற்கும் எதிரணியினர் நியாயம் கற்பித்தார்கள். சண்டிகரில் ஒரு செருப்புக் கடை காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்கு 2019இல் நுகர்வோர் மன்றம் 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

2016 நவம்பர் 8 இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வங்கி வாசலில் ஊரே நின்றது. அட்டை வைத்திருந்தவர்கள் பெரிய கடைக்குப் போனார்கள், உண்மைதான். எங்கள் தெருவில் இட்லி சுட்டு விற்கும் அம்மாவிடம் ஏது அட்டை? அவருக்கு உளுந்து கொடுத்தது அண்ணாச்சியின் நீளக் கணக்கு நோட்டு. “இருக்கும்போது கொடுங்கள்” என்றார், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா, இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

அன்றைக்கு எனக்குப் பில் போட்டாளே, அந்தப் பெண். இத்தனை நேரம் அவளை வைத்துச் சிரித்தோம். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். சாவிக்காகக் காத்திருந்தபோது அவள் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் ஏற்றி வைத்து நின்றாள். சற்று நேரத்தில் காலை மாற்றினாள். கணுக்காலில் கொலுசு பதிந்து கிடந்தது, அந்த அளவுக்கு வீக்கம். என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். “சாவி வரும் வரைக்கும் உட்காரேன் அம்மா” என்றேன். “நாற்காலி இல்லை அக்கா. இருந்தாலும் மேலே கேமரா இருக்கிறது” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை வேண்டும் என்று போராடினார்கள், பிறகு உட்கார இடம் வேண்டும் என்று போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டப்பேரவையும் 2021 செப்டம்பரில் திருத்தியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தீபாவளி, பொங்கல் கூட்டத்துக்கு இப்படி எத்தனை பெண்களை எடுத்து, விற்பனை முடிந்ததும் கறிவேப்பிலையைப் போல ஒதுக்கிவிடுகிறார்கள்!

இதனால் தெருமுனைக் கடை எப்படி உயர்ந்தது என்று தம்பி கேட்பார். கேட்கட்டும். எங்கள் அண்ணாச்சி கடைப் பையனும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறான், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவன் காலும் வீங்கும். அவனுக்கும் அதே சட்டம்தான்.

முன்வரிசையில் வணிகர் சங்கத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் பெரிய கடை வைத்திருப்பவர்களும் உண்டு, பெட்டிக்கடை வைத்திருப்பவர்களும் உண்டு. நாளைக் காலையில் கடை திறக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள். உட்கார்ந்தால் சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போடுங்கள். நடுவர் ஐயா, தீர்ப்பை எந்த அணிக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அதற்கு முன்னால் இந்த ஒலிபெருக்கியில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.